'சிஸ்டர்' என்ன படிச்சிருக்காங்க? பேட்ஜ் சொல்லாத விஷயம்!

பட்டத்தை மறைத்து வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குப் பக்கத்தில் பி.இ., எம்.பி.ஏ. என்று அச்சாகும். கட்சி ஃப்ளெக்ஸில் பி.ஏ., பி.எல். பளிச்சென்று இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட சிலருக்குப் பட்டம் விட்டுப்போவதில்லை. ஆனால், படித்த படிப்பு அடுத்தவர் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் மட்டும் அது பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது செவிலியரின் பேட்ஜைக் கவனித்துப் பாருங்கள். பெயர், அதற்குக் கீழே 'ஸ்டாஃப் நர்ஸ்'. சில இடங்களில் அதுவும் இல்லாமல் 'நர்சிங்' என்று துறையின் பெயர் மட்டும்.

டாக்டர் விஷயத்தில் இப்படி நடக்காது. வாசல் போர்டில் எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று வரிசையாக எழுதியிருக்கும். 'இவர் ஹார்ட்டுக்குப் பார்க்கிறவரா, பொதுவா பார்க்கிறவரா?' என்று படித்துப் பார்த்துத்தான் டோக்கனே போடுகிறோம். ஆனால், அட்மிட் ஆன பிறகு ராத்திரி 2 மணிக்கு டிரிப்ஸ் பாட்டிலை மாற்றுவதும், மூச்சுத்திணறலை முதலில் கண்டுபிடிப்பதும், டாக்டருக்கு போன் போட்டு எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் செவிலியர்தான். அவர் யார், என்ன படித்தவர்? நமக்குத் தெரிந்ததெல்லாம் 'சிஸ்டர்'. ஆணாக இருந்தால் 'பிரதர்'.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை படிப்பு ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். ஏ.என்.எம். 2 வருடம். கிராமங்களில் தாய் சேய் நலம், தடுப்பூசி என்று அலைந்து வேலை பார்ப்பவர்களில் பலர் இந்தப் படிப்பின் வழியாக வந்தவர்கள். ஜி.என்.எம். என்பது 3 வருட டிப்ளோமா. பி.எஸ்சி. நர்சிங் 4 வருடப் பட்டம். ஜி.என்.எம். முடித்தவர் விரும்பினால் மேலும் 2 வருடம் படித்துப் 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்சி. வாங்கலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. 2 வருடம். அதிலும் குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் என்று தனித்தனிப் பிரிவுகள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. பிஹெச்.டி. முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

இது எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்று உண்டு... பதிவு. 1926-ம் ஆண்டு மெட்ராஸ் மாகாணத்தில் வந்த செவிலியர் சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் இன்றைய தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் இயங்குகிறது. அங்கே பெயர் பதிவான பிறகுதான் ஒருவர் சட்டப்படி செவிலியர். செவிலியராகவும் பிரசவம் பார்ப்பவராகவும் பதிவானவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று போட்டுக்கொள்கிறார்கள். கையெழுத்து போடும்போதும் பயோடேட்டாவிலும் போடுகிறார்கள். நோயாளி பார்க்கும் பேட்ஜில்தான் இருப்பதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அதே நிற யூனிஃபார்மில் இன்னும் சிலரும் வார்டில் நடமாடுவதில்தான். 6 மாதம், 1 வருடம் என்று சர்டிஃபிகேட் கோர்ஸ் முடித்த உதவியாளர்கள், பயிற்சிக்கு வந்த மாணவிகள், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன டிரெயினிகள். இவர்கள் யாரும் வேண்டாதவர்கள் இல்லை. படுக்கையை மாற்ற, நோயாளியைக் குளிப்பாட்ட, நடக்கவைக்க உதவியாளர்கள் கட்டாயம் தேவை. மாணவிகள் வார்டில் கற்றுக்கொள்ளாமல் வேறெங்கே கற்றுக்கொள்வார்கள்? ஆனால், கையில் சிரிஞ்சோடு வரும் நபர் பதிவு பெற்ற செவிலியரா, உதவியாளரா என்று நோயாளிக்குத் தெரியாமலேயே இருப்பது சரியில்லை. செலவைக் குறைக்க உதவியாளரையே நர்ஸ் போல நிற்கவைக்கும் சின்ன மருத்துவமனைகளுக்கு, பேட்ஜில் தெளிவில்லாமல் இருப்பது வசதியாகவே இருக்கிறது.

இதைக் கேட்பது நோயாளியின் உரிமை என்பது பலருக்குத் தெரியாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. தனக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் யார், அவர்களின் தொழில்முறைத் தகுதி நிலை என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது அது. 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க?' என்று முகத்துக்கு நேராகக் கேட்டால் சண்டைக்கு வந்தது போல ஆகிவிடும். பேட்ஜ் அந்தச் சங்கடத்தை மிச்சப்படுத்தும்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே செவிலியரின் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி நீளும். அவற்றை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதற்கும் பொதுவான வழக்கம் உண்டு. முதலில் பட்டம், அடுத்து ஆர்.என். போன்ற உரிமம், அதற்குப் பிறகு சிறப்புச் சான்றிதழ்கள். காரணம் சுவாரஸ்யமானது. வாங்கிய பட்டத்தைப் பெரும்பாலும் யாரும் திரும்பப் பறிக்க முடியாது, அதனால் அது முதலில். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அது இல்லாமல் வேலை செய்ய முடியாது, அதனால் இரண்டாவது. சான்றிதழ் விட்டுப்போகலாம், அதனால் கடைசியில்.

இவ்வளவு எழுதியும் அங்கேயும் நோயாளிகளுக்குப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. எழுத்துக் குவியலில் எது நர்ஸ், எது டெக்னீஷியன் என்று தேட வேண்டியிருந்தது. அதனால், ஐடி கார்டுக்குப் பின்னால் இன்னொரு அட்டையைச் செருகி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் 'ஆர்.என்.' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. நர்சிங்கில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வார்டில் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்ற சண்டை அங்கே இன்னும் முடியவில்லை. படுத்திருப்பவருக்கு 'டாக்டர்' என்றால் ஓர் அர்த்தம்தான்.

சரி, இங்கேயும் பட்டத்தைப் போட்டுவிடலாமே என்றால், செவிலியர்கள் தரப்பிலேயே தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை ஒதுக்கிவிட முடியாது.

20, 25 வருடம் வார்டில் நின்ற ஜி.என்.எம். சிஸ்டரை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் எல்லோரும் திணறும்போது இவரைத்தான் கூப்பிடுவார்கள். நேற்று சேர்ந்த பி.எஸ்சி. பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் இவர்தான். இருவருக்கும் வேலை ஒன்று, ஷிஃப்ட் ஒன்று. பேட்ஜில் ஒருவருக்கு 'டிப்ளோமா', இன்னொருவருக்கு 'பட்டம்' என்று எழுதினால், நோயாளியின் உறவினர் 'டிகிரி படிச்ச சிஸ்டரை வரச் சொல்லுங்க' என்று சொல்லத் தொடங்குவதற்கு எத்தனை நாள் ஆகும்? பேட்ஜில் அனுபவத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு பயம், பெயர். முழுப்பெயரும் பெரிய எழுத்தில் இருந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஃபேஸ்புக்கில் தேடி ரிக்வெஸ்ட் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பப் பெயரை எழுதும் ஊர்களில் இது பெரிய தலைவலி. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் முதல் பெயரை மட்டும் போட அனுமதிப்பதற்கும் இந்தப் பாதுகாப்புதான் காரணம். இந்த விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் கொஞ்சம் காப்பாற்றுகிறது. சாதி தெரியாது, குடும்பம் தெரியாது, தேடினால் அதே பெயரில் ஆயிரம் பேர் வருவார்கள்.

படிப்புக்கும் நோயாளியின் உயிருக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா என்றால், உண்டு. லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து, 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்கு வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. பட்டம் படித்த செவிலியர்களின் விகிதம் 10 சதவிகிதம் கூடினால், அனுமதியான 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதாவது, பட்டம் வெறும் அலங்காரம் இல்லை.

ஆனால், அதே ஆய்வில் இன்னொரு 7 இருக்கிறது. ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று கூடினாலும், இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் அதிகமாக இருந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல், பயிற்சி மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு 1 செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு 1 செவிலியர் என்கிறது. நைட் ஷிஃப்டில் நம் ஊர் வார்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எம்.எஸ்சி. என்று பேட்ஜில் பொறித்து, அவரிடமே ஒரு முழு வார்டையும் ஒப்படைத்தால், அந்த எழுத்துகள் யாருக்கு உதவும்? 'இன்று இவர் கவனிக்கும் நோயாளிகள் எத்தனை பேர்' என்று பேட்ஜில் ஒரு கட்டம் வைத்தால் நிர்வாகங்கள்தான் முதலில் அதை எதிர்க்கும்.

மருத்துவர் கேட் கிரேஞ்சரின் அனுபவம் இங்கே முக்கியமானது. பிரிட்டனில் மருத்துவராக இருந்தவர், புற்றுநோயாளியாக 2013-ல் மருத்துவமனையில் படுத்திருந்தார். வந்துபோன பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டவர்களில் அவர் மனதில் நின்றது, தள்ளுபடுக்கையைத் தள்ளிவந்த ஊழியர். 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தை அவர் தொடங்கியது அப்படித்தான். 2016-ல் அவர் இறந்துவிட்டார். அந்த வாசகம் உள்ள பேட்ஜை பிரிட்டன் மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கலாம். அதில் பட்டத்துக்கு முன்னுரிமை இல்லை. பெயரும் வேலையும்தான்.

நம் ஊருக்குப் பொருத்தமாக யோசித்தால், பேட்ஜில் முதலில் வர வேண்டியது தமிழில் இரண்டே சொற்கள்... 'பதிவுபெற்ற செவிலியர்'. இல்லையென்றால் 'செவிலிய உதவியாளர்' அல்லது 'பயிற்சி மாணவி'. ஆங்கிலச் சுருக்கங்களை வைத்தால், கிராமத்திலிருந்து வந்த அம்மாவுக்கு ஜி.என்.எம்.மும் ஜி.எஸ்.டி.யும் ஒன்றுதான். அடுத்த வரியில் பெயர், இனிஷியலோடு. பட்டமும் பதிவு எண்ணும் அதற்குக் கீழே சின்னதாக இருந்தால் போதும். குழந்தைகள் வார்டில் குழந்தைகள் நலத்தில் எம்.எஸ்சி. முடித்தவர் இருந்தால் அதை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது, பெற்றோருக்கும் தைரியம். 'இத்தனை வருட அனுபவம்' என்று ஒரு வரி சேர்த்தால், அந்த 25 வருட சிஸ்டருக்கும் நியாயம் கிடைக்கும்.

அரசு தரப்பில் ஓரளவு வேலை நடந்திருக்கிறது. செவிலியர்களுக்கு தேசிய அளவில் தனி அடையாள எண் கொடுக்கும் பதிவு முறையை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. 1947-ம் ஆண்டு கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எண் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. அதை நோயாளியின் கண்ணுக்குக் கொண்டுவருவது மருத்துவமனைகள் நினைத்தால் ஒரு வாரத்தில் முடிகிற பிரின்டிங் வேலை.

ஒரே ஒரு வேண்டுகோள், கார்டின் இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு குனிந்து நிமிர்ந்தாலே திரும்பிக்கொள்ளும். ஊசி போட வருபவரின் பேட்ஜில் இப்போது நோயாளி படிப்பது பெரும்பாலும், 'கார்டைக் கண்டெடுத்தால் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்' என்ற வரியைத்தான்!