அலமாரியில் உறங்கும் படச்சுருள்கள்

மூவார் வட்டாரத்தில் பழைய குடும்பங்கள் பலவற்றின் அலமாரிகளில் நெகட்டிவ் சுருள்கள் கிடக்கின்றன. ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதிந்த அச்சுருள்களில் ரப்பர்த் தோட்டத்துத் திருவிழாக்களும் திருமணங்களும் அடங்கியுள்ளன. வெப்பமும் ஈரப்பதமும் அவற்றைச் சிதைக்கின்றன. அசிட்டேட் சுருள் சிதையும்போது வினிகர் வாடை வீசும். பின்னர் அது சுருங்கி நெளிந்துவிடும்.

இவற்றை வீட்டிலேயே மின்னியல் படங்களாக மாற்றலாம். வெண்ணிற ஒளிப்பலகை, கேமரா, அதைத் தாங்கும் நிலைச்சட்டம் ஆகியவை வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் மேக்ரோ லென்ஸ் தேவை. தூசியை ஊதி நீக்கிய சுருளை ஒளிப்பலகையின்மேல் தட்டையாக வைத்து, சுற்றிலும் கறுப்புத் தாளால் மறைக்க வேண்டும். கேமரா நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். எடுத்த படத்தின் நிறங்களைக் கணினியில் தலைகீழாக்கினால் முகங்கள் தெளிவாகத் தெரியும்.

கடையில் கொடுத்தால் வேலை எளிதாக முடியும் என்பர் சிலர். அது உண்மையே. ஆனால், படத்தில் இருப்பவர் யார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அதைத் தாத்தா, பாட்டியே சொல்ல முடியும். அவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு, பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை உடனே எழுதிவைக்க வேண்டும்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களை இவ்வாறு மின்னியல் வடிவில் பாதுகாத்துள்ளது. வீட்டு அலமாரியில் இருப்பதையோ அந்தந்தக் குடும்பமே காக்க வேண்டும். பெயர் சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவது அறிவுடைமை.