விடையோடு வினைக்குறிப்பும் வேண்டும்

பயிர் அறுவடைச் சோதனையில் களப் பணியாளர் விளைச்சலின் எடையை மட்டும் எழுதுவதில்லை. பாத்தியின் அளவு, அறுவடை நாள், நேர்ந்த இடையூறு ஆகியவற்றையும் படிவத்தில் குறிக்கின்றனர். அக்குறிப்புகள் இன்றேல் எடை வெறும் எண்ணே. ஆயினும், அவ்வெண்கள் கணிப்பொறியை அடைந்தபின் இந்த ஒழுங்கு பலவிடத்தும் கைவிடப்படுகிறது. விடை பேணப்படுகிறது, அது பிறந்த விதம் பேணப்படுவதில்லை. இது களையப்பட வேண்டிய குறையாகும்.

'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் நிகழக்கூடிய ஒன்றை நோக்கலாம். 60 பாத்திகளின் எடைகளுள் 6 மட்டும் 'கிலோ' என்ற சொல்லுடன் பதிவாகியிருப்பதாகக் கொள்வது தகும். எண்ணாக மாற்றும் கட்டளை அவ்வாறினையும் விடுபட்டவையாக்கிவிடும். விடுபட்டவற்றை நீக்கிச் சராசரி காணுமாறு நிரல் பணித்திருப்பின், 54 பாத்திகளின் சராசரியே முழுமையின் சராசரியாக வெளிவரும். அந்த ஆறும் மானாவாரி நிலங்களாயின், விளைச்சல் உள்ளதைவிட மிகுந்து தோன்றும். மாற்றத்தின்போது எழுவது ஓர் எச்சரிக்கை வரி மட்டுமே; எத்தனை எண்கள் மறைந்தன என்பதையும் அது கூறாது. எச்சரிக்கைகள் பத்துக்கு மேற்பட்டால், இயல்பான அமைப்பில் அவற்றின் தொகை மட்டுமே திரையில் தோன்றும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. எச்சரிக்கை எழுந்தவுடன் அதனைப் பட்டியலில் சேர்த்து, வேலை தடைப்படாமல் தொடரச் செய்யும் 'வித் காலிங் ஹேண்ட்லர்ஸ்' என்னும் அமைப்பு அம்மொழியிலேயே உண்டு. அப்பட்டியலுடன் உள்வந்த வரிசைகளும் கணக்கில் நின்ற வரிசைகளும் எத்தனை என்பதும், மொழியின் பதிப்பும், தற்செயல் எண்களின் தொடக்க எண்ணும் பதியப்பட வேண்டும். 2019இல் வெளியான 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் இயல்பான முறை மாற்றப்பட்டது. ஆதலின், தொடக்க எண் ஒன்றேயாயினும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு மாதிரிகளைத் தரக்கூடும்.

இவையெல்லாம் வீண் சுமை எனச் சிலர் கருதலாம். ஒருமுறை நிரலில் எழுதிவிட்டால், பின்னர் ஒவ்வோர் ஓட்டத்திலும் குறிப்பு தானே உண்டாகும். எச்சரிக்கைகளை அடக்கும் கட்டளையைச் சேர்த்து, திரையைத் தூய்மையாக்கி மகிழ்வதே உண்மையில் கேடு பயப்பது.

ஆசிரியர்கள் மாணவரின் விடைக்கு மட்டுமன்றி வினைக்குறிப்புக்கும் மதிப்பெண் வழங்குதல் நன்று. களத்தில் வெயிலில் நின்று திரட்டிய ஓர் எண், கணக்கிடும் அறையில் சுவடின்றி மறைதல் கூடாது.