ஒட்டிக்கொண்ட செல்ஃபும் வினாத்தாளில் இல்லாத கேள்வியும்

கல்லாறிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்துக்கிடையே நிற்கும் பழைய டீசல் ஜீப் ஒன்றின் சாவி திருப்பப்படுகிறது என்று கொள்வோம். எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. சாவியிலிருந்து கை எடுக்கப்படுகிறது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கீச்சொலி மட்டும் அடங்கவில்லை. ‘செல்ஃப் ஒட்டிக்கொண்டது’ என்பார் ஓட்டுநர். விதுராவிலோ நெடுமங்காட்டிலோ உள்ள பட்டறையில் புதிய மோட்டார் பொருத்தப்படும். சில மாதங்களில் அதே கீச்சொலி மீண்டும் எழலாம். ஏனெனில் மாற்றப்பட்டது பழுதான பொருள்தான். பழுதின் காரணம் வண்டியிலேயே இருக்கிறது.

இக்கோளாறு ஏன் அஞ்சத்தக்கது என்பதை அக்கருவியின் வரலாறே விளக்கும். பணப்பதிவு இயந்திரங்களுக்கு மின்மோட்டார் அமைத்த பட்டறிவோடு, 1911-இல் சார்லஸ் கெட்டரிங் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. தொடர்ந்து ஓட வேண்டியதில்லை என்றால், சிறிய மோட்டாரிடமிருந்தும் சில நொடிகளுக்குப் பெரும் விசையைப் பெறலாம் என்பதே அவரது சிந்தனையின் கரு. நொடிக்கணக்கில் உழைக்கப் படைக்கப்பட்டது நிமிடக்கணக்கில் ஓடினால் அதன் சுருள்கள் கருகும். பினியனில் ஒரு பல்லுக்கு ஃப்ளைவீலின் ரிங் கியரில் பத்துக்கும் மேற்பட்ட பற்கள் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், பிரியாத பினியன் 20,000 சுற்றுக்கு மேல் இழுக்கப்படும். இடையிலுள்ள ஒருவழிக் கிளட்ச் அதைச் சிறிது நேரமே தாங்கும்.

காரணத்தைத் தேடும் முறை எளியது. ஆயினும் ஒழுங்கு தேவை. முதலில் சாவியை முழுவதும் அணைக்க வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் செல்ஃப் சுற்றினால், மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்று பொருள். உடனே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். மலைச்சரிவில் வண்டியைக் கியரிலேயே நிறுத்துவது வழக்கமாதலால், தானாகச் சுற்றும் செல்ஃப் வண்டியையே நகர்த்திவிடக்கூடும். எனவே அடுத்த சோதனைக்கு முன் கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, சக்கரங்களுக்குக் கல் வைப்பது கட்டாயம்.

பின்னர் சோலனாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரை மட்டும் கழற்றி, பேட்டரியை மீண்டும் இணைக்க வேண்டும். அப்போதும் மோட்டார் சுற்றினால், சோலனாய்டின் உள்ளேயுள்ள செப்புத் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. சுற்றாவிட்டால், சாவி சுவிட்சிலோ ரிலேயிலோ ஒயரிங்கிலோதான் குறை. அந்த ஒயரில் ஒரு சோதனை விளக்கை வைத்தால் அது புலப்படும். மாறாக, சாவியை அணைத்ததும் எல்லாம் அடங்கி, மின்சுற்றிலும் பழுது இல்லையெனில், குறை இயந்திரப் பகுதியில் உள்ளது: தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், கிரீஸும் தூசியும் பசையாய் இறுகிய தண்டு, தேய்ந்த ரிங் கியர் பற்கள்.

தொடுமுனைகள் ஏன் உருகின என்ற கேள்வி இதன் பிறகே எழுகிறது. வலுவிழந்த பேட்டரி, துருப்பிடித்த எர்த் கேபிள் ஆகியவற்றால் சோலனாய்டு உறுதியாகப் பிடிக்க இயலாமல் துடிக்கிறது; ஒவ்வொரு துடிப்பிலும் பொறி பறக்கிறது; இறுதியில் உலோகம் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறெனில் செல்ஃப் குற்றவாளியன்று, பாதிக்கப்பட்ட தரப்பு. பேட்டரியைச் சோதிக்காமல் மோட்டாரை மட்டும் மாற்றுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் விலக்கி, மாறாத விளைவிலிருந்து முடிவுக்கு வருவதைத்தான் ஆய்வு முறையியல் வகுப்புகளும் கற்பிக்கின்றன. ஆனால் பொறியியல், பாலிடெக்னிக் தேர்வுகளுக்குப் பழகிய வினா, ‘ஸ்டார்ட்டர் மோட்டாரின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்பதே. ‘இது நிற்க மறுத்தால் முதலில் எதைக் கழற்றுவாய், ஏன்?’ என்னும் வினா அரிது. மெல்லிய ஒயரைக் கழற்றிப் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் செய்வது கருதுகோள் சோதனை என்று அவரிடமும் எவரும் சொல்வதில்லை, மாணவரிடமும் சொல்வதில்லை.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடங்கும். கையேடும் உதிரிபாகமும் கிடைப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் காரணம் தேடும் பயிற்சி இல்லாத கையில், எளிதாய்க் கிடைக்கும் உதிரிபாகம் மேலும் ஒரு வீண் செலவாகவே முடியும். அச்செலவை ஏற்பவர் ஒரு நாள் சவாரியை இழந்த ஓட்டுநர். பட்டறைகளின் பழுதறியும் முறையைப் பதிவுசெய்து பாடமாக்குவது பல்கலைக்கழகங்கள் தொழிலாளருக்குக் காட்டும் சலுகையன்று. தம் பாடத்திட்டத்தின் பழுதைத் தாமே நீக்கிக்கொள்ளும் வழி.