வல்லூர் மாடிக்குத் தனிப் பட்டம் வேண்டும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது வயலில் பயிர் செய்பவர்களுக்கு. எங்கள் வல்லூரிலும், பக்கத்தில் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூரிலும் மாடியில் மிளகாய் வைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. இங்கே நிலத்தடி நீர் உப்பு, காற்றில் தூசி, ஐப்பசியில் அடைமழை. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்த ஒரு பட்டத்தைத் தோட்டக்கலைத் துறை எங்களுக்கென்று வகுத்துத் தர வேண்டும். கூடவே, வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்ல பக்கத்திலேயே ஓர் இடமும் வேண்டும்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். நைட் ஷிப்ட் முடிந்து காலை ரயிலில் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி வீடு வந்தால், முதலில் மாடிக்குத்தான் போவேன். சம்பா, குண்டு, ஒரு தொட்டியில் காந்தாரி. கடையில் மிளகாய் கிடைக்காமல் இல்லை. ஆனால் செடியிலேயே பழுத்த குண்டு மிளகாயைக் கிள்ளி அப்போதே எண்ணெயில் போட்டால் எழும் மணம் பாக்கெட்டில் வருவதில்லை. என்ன மருந்து அடித்தார்களோ என்ற கவலையும் இல்லை.

தண்ணீர் விஷயத்தை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. “தம்பி, மோட்டார் தண்ணிய ஊத்தாத. செடி உப்புல வெந்துடும்” என்றார். அவர் சொன்னதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்த நிலத்தடி நீரை மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். விவசாயத்துக்கும் இறைத்தார்கள். நல்ல நீர் இறங்க இறங்க, கடல் நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்து வருகிறார்கள்.

மிளகாய் உப்பைத் தாங்கும் பயிர் அல்ல. வேர் மண்ணின் உப்பளவு மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் போகும். வயலில் மழை வந்து உப்பைக் கழுவிவிடும். குரோ பேக்கில் ஊற்றியது அங்கேயே தங்கும். இலை ஓரம் கருகுவதும், பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் அதன் அடையாளம். தென்னை நார்க் கழிவிலும் இயல்பாகவே உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசாமல் அதை மண்ணில் கலக்கக் கூடாது. போர் தண்ணீரிலேயே அலசினால் அந்த வேலைக்குப் பொருளே இல்லை.

இனி பட்டம். ஆடியில் விதைத்தால் நாற்று 40 நாளில் நடவுக்கு வரும். பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தொட்டிகளை மூழ்கடிக்கும். வேர் அழுகும், பழத்தில் கரும்புள்ளி விழும். தையில் விதைத்தால், காய் பிடிக்கும்போது சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டி ஏறும், பூ கொட்டும். நான் புரட்டாசிக் கடைசியில் ஓடுபோட்ட தாழ்வாரத்தில் நாற்று விட்டு, கார்த்திகையில் மழை ஓயத் தொடங்கியதும் தொட்டிக்கு மாற்றுகிறேன். தை தொடங்கி பங்குனி வரை காய் பறிக்கலாம். வெயில் முற்றியதும் கவாத்து செய்து நிழலுக்கு நகர்த்தினால் பல செடிகள் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

இது புதுமை ஒன்றும் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை மானாவாரி விவசாயிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள், தைக்குப் பிறகு பழம் எடுக்கிறார்கள். தங்கள் மண்ணும் மழையும் எப்படி என்று பார்த்து அவர்கள் வகுத்துக்கொண்ட பட்டம் அது. எங்கள் வட்டாரத்துக்கும் அப்படி ஒன்று எழுதப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தூசியைச் சொல்லாமல் விட முடியாது. மாசி பிறந்து காற்று காய்ந்ததும் சாலைப் புழுதியும் லாரித் தூசியும் இலையில் அப்பிக்கொள்கின்றன. தூசி படிந்த செடியில் சிலந்திப் பேன் பெருகும். இலை கீழ்நோக்கிச் சுருண்டால் அது சிலந்திப் பேன், மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு மருந்தை வீட்டு மாடியில் அடிப்பது ஆபத்து. விடியற்காலையில் இலையின் அடிப்புறம் நனையத் தண்ணீர் பீய்ச்சி, மாலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். எங்கள் சாலைகளில் போகும் லாரிகள் தார்ப்பாய் மூடித்தான் போக வேண்டும் என்பதை யாராவது கண்டிப்போடு பார்த்தால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

விறகடுப்புச் சாம்பலைச் செடியில் தூவுவது நம் வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தில் சாலையோரம் கிடக்கும் நிலக்கரிச் சாம்பலை அள்ளி வந்து தொட்டியில் போடாதீர்கள். அதில் ஆர்சனிக், ஈயம் போன்றவை இருக்கும். உண்ணும் செடிக்கு அது வேண்டாம்.

தண்ணீருக்கு வழி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் மண்ணுக்குள் போகும் முன் இரண்டு டிரம்மை நிரப்பிவிட்டுப் போகட்டும். கொசு போகாதபடி துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: எங்கள் பக்கம் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும். முன்பு அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நல்ல நிலையம்தான். ஆனால் அது அரக்கோணம் பாதையில். நாங்கள் ஒரு பாட்டில் தண்ணீரோடு ரயிலேறி, பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும். ஷிப்ட் பார்ப்பவர்கள் யார் போவார்கள்? மீஞ்சூரில் மாதம் ஒரு நாள் முகாம் போட்டு, கொண்டு வரும் தண்ணீரின் உப்பளவைக் கருவியில் பார்த்து, இதை ஊற்றலாம், இதை ஊற்றக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குப் பெரிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை. முதல் முகாமைப் புரட்டாசிக்கு முன்பே போடுங்கள். அதற்குப் பிறகு போட்டால் இந்த ஆண்டு நாற்றுக்குப் பயன்படாது.