இட்லிக் கொப்பரை மூடியில் இருக்கிறது குடிநீர்!



எங்கள் ஊர் குரங்கணி. போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் வழியில் இருக்கிறது. கொட்டகுடி ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாது. மகளை ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆறு வைகையில் கலக்கிறது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகிறது. ஆனால் என் மகள் வீட்டுக் குடத்துக்கு அது வரவில்லை. லாரித் தண்ணீர்தான், குடம் பதினைந்து ரூபாய். லாரி வராத நாளில் பிள்ளைகள் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

அவர்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்கு மேல் உப்புக்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கத்தான் செய்யும்.

அப்போதுதான் வெயிலில் தண்ணீர் வடிக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி மருமகன் சொன்னார். ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று பயந்தேன். பார்த்தால், நாம் தினமும் அடுப்படியில் செய்வதுதான்! இட்லிக் கொப்பரையைத் திறந்தால் மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதே, அதேதான். அடுப்புக்குப் பதில் வெயில், மூடிக்குப் பதில் சாய்ந்த கண்ணாடி. உப்பு அடியில் தங்கிவிடும்; ஆவி மட்டும் மேலே போய்க் குளிர்ந்து, கண்ணாடியில் வழிந்து, ஓரத்துக் குழாய் வழியாகப் பாத்திரத்தில் சேரும்.

மூன்றடிக்கு மூன்றரை அடியில் மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டினோம். கண்ணாடி, பசை, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் முக்கால் லிட்டர்! "என்ன மதினி, மீன் தொட்டி கட்டி வச்சிருக்கீங்க, மீனையும் காணோம், தண்ணியையும் காணோம்" என்று சம்பந்தியம்மா சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் அங்கேயே தங்கி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

தொட்டியில் அரை அடிக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். அதை இரண்டு விரற்கடையாகக் குறைத்தேன். குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடேறும் என்பது நமக்குத் தெரியாததா? சாம்பல் நிறமாக இருந்த அடித்தளத்துக்கு, தரை போடும் கொத்தனாரைக் கொண்டு கறுப்பு ஆக்சைடு பூசினோம். தொட்டியின் அடியிலும் சுற்றிலும் சூடு வீணாகாமல் இருக்க உமியும் தேங்காய் நாரும் வைத்து அடைத்தோம். கண்ணாடியை அடிக்கு மூன்று அங்குலம் சாய்வாக, தெற்குப் பார்த்து வைத்தோம். சாய்வு குறைந்தால் சொட்டுக்கள் ஓரத்துக்கு வழியாமல் தொட்டியிலேயே விழுந்துவிடும். மலிவு என்று பிளாஸ்டிக் தாள் போட்டாலும் இதே தொல்லைதான். அதில் தண்ணீர் பரவி வழியாது, திட்டுத் திட்டாக நின்று சொட்டும். கடைசியாக, மீன் தொட்டி ஒட்டும் சிலிக்கான் பசையால் இடுக்கு சந்து எல்லாம் அடைத்தோம். ஆவி போகிற ஓட்டை இருந்தால் மற்ற பாடெல்லாம் வீண்தான்.

மாதக் கடைசியில், நல்ல வெயில் நாளில் மூன்று லிட்டர் கிடைத்தது! சம்பந்தியம்மாதான் முதல் டம்ளர் குடித்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வருவதை விட, அவ்வளவையும் ஆவியாக்குவதற்கு ஏழு மடங்குக்கும் மேல் சூடு வேண்டும். அதனால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு லிட்டர்தான் சாதாரணமாகக் கிடைக்கும். மழை, மூடம் என்றால் அதுவும் இல்லை. மூன்று லிட்டர் என்பது ஒரு குடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. லாரித் தண்ணீர் விலையோடு பார்த்தால் போட்ட காசு திரும்ப மூன்று வருஷம் ஆகும். ஆனாலும் லாரி வராத நாளில் பேரப்பிள்ளைகளுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வீட்டிலேயே இருக்கிறதே, அதற்கு என்ன விலை போடுவது?

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1872-லேயே சிலி நாட்டில் லாஸ் சாலினாஸ் என்ற இடத்தில், சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் சுரங்க வேலைக்காக இப்படி வடித்து, தினமும் 20,000 லிட்டருக்கு மேல் எடுத்திருக்கிறார். நம் நாட்டில் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், 1978-ல் குஜராத்தில் அவானியா என்ற கிராமத்துக்கு நாளுக்கு 5,000 லிட்டர் வடிக்கும் நிலையம் அமைத்தது. அதே நிறுவனத்தின் கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு மாதிரிப் பெட்டி வைத்து, மகளிர் குழுக்களைக் கூப்பிட்டுக் காட்டினால் எத்தனை வீட்டுக்கு உதவும்!

என் கருத்து இதுதான். இலவசமாகப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. தினமும் காலையில் பழைய உப்புத் தண்ணீரை வடித்துப் புதிதாக ஊற்றுவதும், கண்ணாடியைத் துடைப்பதும், பசை விட்ட இடத்தை அடைப்பதும் பெண்கள்தான் செய்யப் போகிறோம். எனவே கட்டுகிற வேலையையே நமக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கண்ணாடி வாங்கினால் விலையும் குறையும். உடைந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகள். புதுச் சிமென்ட், பசை வாடை போகும் வரை வடிந்த தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பிடிக்கும் பாத்திரம் சுத்தமாக, மூடியதாக இருக்கட்டும். வடிநீர் சப்பென்று இருக்கும், பழகிவிடும். பெட்ரோல், சில பூச்சிமருந்துகள் போல ஆவியோடு எழும் பொருள் கலந்த தண்ணீரை இதில் வடித்துக் குடிக்கவே கூடாது.

"அப்படியானால் குரங்கணியிலும் ஒன்று கட்டினாயா?" என்று கேட்பீர்கள். இல்லை! எங்கள் ஓடைத் தண்ணீரில் உப்பு இல்லை. மழைக்காலத்தில் கலங்கலும் கிருமியும்தான். அதற்குத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். விறகு இல்லாத நாளில், தெளிந்த தண்ணீரை நிறமில்லாத இரண்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைத்தால் கிருமி சாகும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். நோய்க்கேற்ற மருந்து போல, தண்ணீருக்கேற்ற வழி. முதலில் உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். பிறகு செலவு செய்யுங்கள்.

வற்றலும் வடகமும் போட நாம் நம்புகிற வெயில்தான். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதனிடமே கொஞ்சம் குடிநீரும் கேட்டுப் பார்க்கலாமே! என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?

— ஒரு வாசகி, குரங்கணி