மலையேறட்டும் மங்கையர்!

நெல் விளையும் நாட்டில் பிறந்தவர்கள் நாம். பச்சை வயலும், வாய்க்காலும், தென்னையுமே நாம் நாள்தோறும் காணும் காட்சி. திருவையாற்றின் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஒரு சிறு குன்றுகூடத் தென்படாது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால் ஆற்றைப் பெற்ற தாய் மலையன்றோ? அந்தத் தாயை நம்மில் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கிறோம்?

மலைக்குச் சுற்றுலா என்றதும், மகன் கேட்டால் "போய் வா" என்று விடை கிடைக்கிறது. மகள் கேட்டாலோ, "வயது வந்த பெண்ணுக்குக் காடும் மலையும் எதற்கு?" என்ற கேள்வியே பல வீடுகளில் விடையாக வருகிறது. அக்கேள்விக்குப் பதில் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பெண் பிள்ளைகளும் மலைக்குச் செல்ல வேண்டும். அது வெறும் வேடிக்கையன்று; கல்வியின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

அதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது. அதிகாலையில் பேருந்தில் புறப்பட்டால் நண்பகலுக்குள் அடிவாரமான காரவள்ளியை அடைந்துவிடலாம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்ல வேண்டும். அறப்பளீசுவரர் கோவிலின் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால், சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவியைக் காணலாம். அந்த அருவியாக விழும் ஆற்றின் பெயர் என்ன தெரியுமா? ஐயாறு! நம் ஊர்ப் பெயரையே தாங்கிய அந்தச் சிற்றாறு, சமவெளிக்கு இறங்கி முசிறிப் பக்கம் காவிரியில் கலக்கிறது. நம் புஷ்ய மண்டபப் படித்துறையைத் தழுவிச் செல்லும் வெள்ளத்தில் கொல்லிமலையின் துளியும் உண்டு என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையின் இருப்பிடமும் அதுவே. ஆடி 18 அன்று நம் ஊர்ப் பெண்கள் காவிரிக் கரையில் கூடும் வேளையில், அம்மலை மக்களும் அருவியில் நீராடித் திருவிழாக் கொண்டாடுகிறார்கள். அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவும் அப்போதுதான் நடைபெறுகிறது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களது மரபுக்கதை. மழையை நம்பிச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் இவர்களிடம், ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புத்தகத்தில் மட்டும் படித்த மலையும் அத்தகையதே.

"பெண்ணால் முடியுமா?" என்பார்க்கு அக்கொல்லிமலையே சான்று கூறும். எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் கணவருடன் அங்கே மருத்துவத் தொண்டும் மறைப்பணியும் ஆற்றினார். 1929-இல் கணவர் காய்ச்சலால் இறந்தார். எனினும் தம் எழுபதாம் வயதை நெருங்கியபோது அவர் மீண்டும் மலைக்கே வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று, 1974-இல் 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்கு உழைத்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நாம் போற்ற வேண்டியவர். 1984-இல் எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், முதன்முதல் ஒரு சிகரம் ஏறியது தம் 12-ஆம் வயதில், பள்ளிச் சுற்றுலாவின்போதுதான்! 2023-இல் நம் தமிழகத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வியும் எவரெஸ்ட் ஏறினார்.

பெற்றோரின் அச்சத்தை நான் இகழவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறக்க முடியும்? அவர்களுள் பெண்கள் பலர். ஆனால் அத்துயரம் கற்பிக்கும் பாடம் "போகாதே" என்பதன்று. "முறையாகப் போ" என்பதாகும். தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை இணைத்து 'டிரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் அப்பாதைகளில் அழைத்துச் செல்கிறார்கள். தீ அபாயம் உள்ள கோடையில் பாதைகள் மூடப்படுகின்றன. பள்ளிகளும் இவ்வழியைப் பின்பற்றலாம். மழை ஓய்ந்த தை மாதத்தில், முன் அனுமதி பெற்று, வழிகாட்டியோடும் ஆசிரியைகளோடும் சென்றால் என்ன குறை? நாளை மேற்படிப்புக்கும் வேலைக்கும் தனியே வெளியூர் செல்லப்போகும் பெண், இன்று ஆசிரியையின் துணையோடு ஒரு மலைக்குப் போகாவிட்டால் துணிவை எங்கே கற்பாள்?

மாணவியராகிய நமக்கும் கடமை உண்டு. மலை என்பது பிறர் வாழும் வீடு. விருந்தினர் வீட்டில் கூச்சலிடுவோமா? குப்பை போடுவோமா? நெகிழிப் பைகளை எறிந்துவிட்டு வந்தால், அவை ஆற்றோடு இறங்கி நம் வயலுக்கே வந்து சேரும். மலைமக்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்காமல், அண்ணா, அக்கா என்று மரியாதையுடன் பேசிப் பழக வேண்டும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், பூமியை நம் பொது இல்லம் என்று அழைப்பதை நாம் மறத்தலாகாது.

அன்புள்ள பெற்றோர்களே! மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! செபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களுள் இரண்டாவதை நாம் எத்தனை முறை தியானித்திருக்கிறோம்! எலிசபெத்தம்மாளைச் சந்திக்க யூதேயா மலைநாட்டிற்கு விரைந்து சென்ற மரியன்னை அப்போது ஓர் இளம் பெண்தானே? அன்னை நடந்த வழியில் நடக்க அவர் பிள்ளைகளுக்கும் இசைவு தாருங்கள். மலையைக் கண்டு திரும்பும் மகள், ஆற்றை மதிக்கக் கற்றவளாய், அயலாரை நேசிக்கக் கற்றவளாய் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்பது உறுதி.