பகடைக்கும் இலக்கணம் உண்டு

இலக்கியக் கூட்டங்களில் ஒரு வாக்கியம் தேய்ந்த நாணயம் போலக் கைமாறிக்கொண்டே இருக்கிறது: வாழ்க்கை ஒரு பகடையாட்டம், எது விழும் என்று எவருக்கும் தெரியாது. சொல்பவர் கண்களை மூடிக்கொள்வார்; கேட்பவர்கள் தலையசைப்பார்கள். நாமும் அசைத்திருக்கிறோம். இனி அசைப்பதற்கு முன் இரண்டு பகடைகளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை என்று கொள்வோம். சிவப்பின் ஒவ்வொரு முகத்துக்கும் வெள்ளையில் ஆறு முகங்கள். ஆக, விழக்கூடிய விதங்கள் 36. பகடைகள் நேர்மையானவையென்றால் அத்தனைக்கும் சம வாய்ப்பு. கூட்டுத்தொகை 12 வர ஒரே வழி, ஆறும் ஆறும். 11 வர இரண்டு: சிவப்பில் ஐந்தும் வெள்ளையில் ஆறும், அல்லது இடம் மாறி. 7 வரவோ ஆறு வழிகள். அடுத்த வீச்சில் எது விழும் என்று தெரியாதுதான். எது அடிக்கடி விழும் என்பது நன்றாகவே தெரியும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதற்குத்தான் தத்துவம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

இதில் தடுக்கியவர்கள் சாமானியர் மட்டுமல்லர். நுண்கணிதத்தை வகுத்தவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 11, 12 இரண்டும் ஒரே விதமாகத்தான் அமையும், எனவே வாய்ப்பும் சமம் என்று எழுதிவைத்தார். ஐந்து-ஆறு வேறு, ஆறு-ஐந்து வேறு என்பது அவருக்குத் தட்டுப்படவில்லை. அவர் எண்ணிப் பார்த்துத் தவறினார். நாம் எண்ணவே மறுக்கிறோம். (மறுப்பதைக் கலையுள்ளம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.)

கணக்கு நுழைந்தால் கவித்துவம் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் மகாபாரதத்தின் நளன் கதையை மறுபடி படிக்கட்டும். தேர் செல்லும் வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் கணக்கிட்டுச் சொல்கிறான் இருதுபன்னன். நளன் நம்பவில்லை, தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிச் சரிபார்க்கிறான். சூதின் நுட்பத்தை அவனிடமிருந்து கற்றுக்கொண்ட பிறகே கலி நளனின் உடலை விட்டு வெளியேறுகிறான். நாடிழந்து காடலைந்த காலமெல்லாம் உள்ளேயே இருந்தவன் அவன்.

சூதாட்ட விடுதி நடத்துபவருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கிராப்ஸ் ஆட்டத்தில் அடுத்த வீச்சு ஏழு என்று பணம் கட்டி வென்றால் வழக்கமாக ஒன்றுக்கு நான்கு கொடுப்பார்கள். நியாயப்படி ஐந்து கொடுக்க வேண்டும். ஆறு முறை நூறு நூறாகக் கட்டுபவர் சராசரியாக ஒரு முறை வென்று 400 பெறுகிறார். ஐந்து முறை தோற்று 500 இழக்கிறார். அந்த நூறு எங்கே போயிற்று என்று கேளுங்கள், விதி என்பார். விடுதிக்காரர் மறுக்கவா போகிறார்?